மாமா குடித்த தவளை முட்டைகள்

பதற்றம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு உண்மை வாய்க்கு வந்துவிடும்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. ‘தவளைக் கருவில் செல்கள் நகர்ந்து அடுக்குகளாவதை உயிருள்ள கருக்களை வைத்தே விளக்குவேன்’ என்று விண்ணப்பத்தில் வீறாப்பாக எழுதியிருந்தேன். (யார் கேட்டார்கள்?)

முந்தின நாள் மழை. விடியற்காலையில் குடவாசல் வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலில் முட்டைகளை அள்ளி, நல்ல தண்ணீரில் அலசி, கண்ணாடி பாட்டிலில் விட்டுக்கொண்டேன். கணவர் துபாயில். அதனால் துணைக்கு மாமனார் வந்தார். மளிகைக் கடைக்காரர், மருமகள் வேலைக்குப் போவதில் அரை மனசு.

வெயில் ஏற ஏறக் கரு வேகமாக வளரும். நான் காட்டவேண்டிய கட்டம் பஸ்ஸிலேயே தாண்டிவிட்டால்? மாமா பின் சீட்டில் தூங்க, பஸ் வலங்கைமானைத் தொடுவதற்குள் பத்து முறை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டேன்.

கல்லூரி வராந்தாவில், “பத்திரமா வச்சிக்குங்க மாமா” என்று பாட்டிலைக் கொடுத்துவிட்டுச் சான்றிதழ் காட்டப் போனேன். திரும்பினால் பாட்டில் காலி.

“சப்ஜா சர்பத்துல சீனியே போடலியேம்மா” என்றார் மாமா, வாயைத் துடைத்தபடி.

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் கேட்டார்: “கருவெல்லாம் எங்கம்மா?”

“மாமனார் குடிச்சிட்டாரு மேடம்.”

சாக்பீஸை எடுத்து வட்டம் போட்டேன். “முதல்ல இது வெறும் செல் பந்து. அப்புறம் மேல இருக்கிற செல்கள் ஒரு சின்ன விளிம்புல மடங்கி, வரிசையா உள்ளே நழுவும். அடியில போறது குடல் ஆகும், நடுவுல தங்குறது தசையும் ரத்தமும், வெளிய பரவுறது தோலும் நரம்பும். இப்படி உள்ளே போனதும் மாமாவுக்கு...”

“முதல்ல அவர டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போம்மா” என்றார் அம்மையார்.

ஆட்டோவில் உண்மையைச் சொன்னேன். மாமா முகம் வெளிறியது. “உசுரோடவா இருந்துச்சு?”

டாக்டர் சிரித்துவிட்டு ஒரு மாத்திரையோடு அனுப்பினார். வேலை கிடைக்கவில்லை. மாமா இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் கும்பகோணத்தில் ஒரு நேர்முகம். அன்று விடியலில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கியவர் மாமாதான். பாட்டிலில் அவர் கையெழுத்திலேயே சீட்டு: ‘சர்பத் அல்ல.’ அந்த வேலை கிடைத்தது.

இப்போதும் வயலில் தவளைகள் கத்தும் மழை நாளில் துபாயிலிருந்து போன் வந்தால் கணவர் தன் அப்பாவை விடமாட்டார்: “அத்தா, உங்க புள்ளைங்க சத்தம் இங்க வரைக்கும் கேக்குது!”

மாமாவும் விடுவதில்லை. “உன்னைய மாதிரியாடா? அதுங்க தெனமும் கூப்பிடுது.”