கன்று நட இடைஞ்சலாக இருந்த மரம்

பேக்கரி மாஸ்டர் அந்த மனையை வாங்கியதற்கு ஒரே காரணம், அதன் மேற்கு மூலையில் நின்ற மரம். ராத்திரி முழுக்க அடுப்பின் முன்னால் நின்று ரொட்டி சுடுகிறவருக்குப் பகல்தான் ராத்திரி. வாடகை வீட்டின் தகரக் கூரைக்குக் கீழே அவர் இத்தனை வருஷமும் தூங்கவில்லை, வெந்துகொண்டிருந்தார். ரொட்டியையாவது வெந்ததும் வெளியே எடுத்துவிடுவார்கள். மனையைப் பார்க்கப் போன அன்று தரகர் தண்ணீர், வடிகால், பஸ் வசதி என்று அடுக்கிக்கொண்டிருக்க, மாஸ்டர் மரத்தில் சாய்ந்தபடியே குறட்டை விட்டார். தரகர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

நிழல் விழுகிற இடத்தில் படுக்கையறை என்று வரைபடம் தயாரானது. அதற்காக மனைவி ஆசைப்பட்ட சமையலறை பாதியாகச் சுருங்கியது. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, வீடு கட்ட அனுமதி கேட்டு மாஸ்டர் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

ஊரைப் பசுமையாக்குவது என்று மேலிடம் தீர்மானித்திருந்த காலம் அது. முதற்கட்டமாக அலுவலகச் சுவர்களுக்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"புது வீடுன்னா அஞ்சு கன்னு நடணும். மேற்கு மூலையில," என்றார் பசுமை அதிகாரி.

"அங்க ஏற்கெனவே ஒரு மரம் இருக்கு சார். பெரிய மரம்."

"யார் நட்டது?"

"தெரியல சார். தானா முளைச்சிருக்கும்."

"அனுமதி வாங்காமலா?"

மாஸ்டர் மரத்தின் சார்பில் தலைகுனிந்தார். பிறகு மெதுவாக, "அந்த மரத்தையே அஞ்சு கன்னுக்குப் பதிலா வச்சுக்கக் கூடாதா சார்?" என்றார்.

"கன்னுன்னா ரெண்டடி உயரம். உங்க மரம் எவ்வளவு இருக்கும்?"

"மூணு மாடி இருக்கும்."

"பாத்தீங்களா, விதிய எவ்வளவு தூரம் மீறியிருக்குன்னு."

"அப்ப கன்னை வேற மூலையில நட்டுடறேன்."

"மேற்கு வெயில் வீட்டுக்குள்ள வருமே, யோசிச்சீங்களா? நிழல் வேணாமா? எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

"நிழல் இப்பவே இருக்கு சார்."

"இப்ப இருக்கறது தற்காலிக நிழல். நாங்க திட்டம் போட்டிருக்கறது எதிர்கால நிழல்."

"அப்படின்னா, மரத்த வெட்டணுமா சார்?"

அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். "மரத்த வெட்டறது குற்றம். அந்த வார்த்தைய இந்த ரூம்ல சொல்லாதீங்க. அதுக்கு அடுத்த ரூம்."

அடுத்த அறையில் மரப் பாதுகாப்பு அதிகாரி இருந்தார். மரத்தின் மீது அவருக்கு இருந்த பற்று, அவருடைய மேஜையின் கனத்திலேயே தெரிந்தது.

"எந்தக் காரணத்துக்காகவும் வெட்ட அனுமதி கிடையாது," என்றார் அவர்.

மாஸ்டருக்கு உயிர் வந்தது. "ரொம்ப சந்தோஷம் சார்."

"ஒரே ஒரு விலக்கு. மரம் வளர்ப்புக்கு இடைஞ்சலா இருக்கற மரத்த மட்டும் வெட்டலாம்."

"நான் வெட்டணும்னு கேக்கலையே சார்."

"நீங்க கேக்க வேணாம். பக்கத்து ரூம்லேர்ந்து கேட்டாச்சு."

மாஸ்டர் ஆறு மாதம் இரண்டு அறைகளுக்கும் நடுவே நடந்தார். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழியில் புல் முளைத்தது. வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார்.

"மரம் நிக்கும், சரி. நாம எங்க நிக்கறது?" என்று மனைவி கேட்டாள். அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் அவரை அசைத்தது.

மரம் வெட்டிய அன்று மாஸ்டர் மனைப் பக்கமே போகவில்லை. பேக்கரியிலேயே மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அன்று ராத்திரி சுட்ட ரொட்டி மொத்தமும் கருகிப்போனது. அதுவரை அவர் கையில் ஒரு ரொட்டி கருகியதில்லை.

ஐந்து கன்றுகள் நடப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு இரும்புக் கூண்டு, கூண்டின்மேல் அதிகாரியின் பதவியைத் தாங்கிய போர்டு. கன்றுகள் போர்டின் நிழலில் வெளிறி நின்றன. வீடு கட்டி முடிந்ததும் வாசலில் 'பசுமை இல்லம்' என்று பட்டயம் பதித்தார்கள். வீட்டு வரியில் பாதி தள்ளுபடி. படுக்கையறையில் கடைசியாக ஓர் அலங்காரம் செய்து தருவதாகச் சொன்ன இன்ஜினியர், சுவர் முழுக்கக் காட்டுப் படம் ஒட்டினார். "இப்ப எல்லா வீட்டுலயும் இதுதான் சார்," என்றார். அந்தக் காட்டுக்கு நடுவே மாஸ்டர் வேர்த்து வடியப் படுத்திருந்தார்.

தெருவார் வந்து பார்த்து அசந்துபோனார்கள். பட்டயத்தைத் தடவினார்கள், தள்ளுபடியை விசாரித்தார்கள். தெருவில் இருந்த மரங்கள் ஒவ்வொன்றாகக் கன்றுகளுக்கு வழிவிட்டன. முதல் பட்டயம் பெற்றவர் என்பதால் மாஸ்டரையே தெருச் சங்கத் தலைவராக்கினார்கள். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் ஒரே ஒரு மரம் மிஞ்சியது. தையல்காரம்மா வீட்டு மரம். அதுவும் போய்விட்டால் தெரு முழுவதுக்கும் 'பசுமைத் தெரு' என்ற பட்டம் கிடைக்கும் என்று பசுமை அதிகாரி சொல்லியனுப்பினார். சங்கம் அவசரமாகக் கூடியது. வெயிலில் வேறு எங்கும் உட்கார முடியாததால் தையல்காரம்மாவின் மரத்தடியில் கூடியது.

"மாஸ்டர், மரம் போய் நீங்க பட்ட கஷ்டம் உங்களுக்கே தெரியும். நீங்களாவது சொல்லுங்க," என்றார் தையல்காரம்மா. "இது போனா மத்தியானத்துல நான் எங்க உக்காந்து தைக்கறது?"

மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். காற்று வந்தது. கண் செருகியது. சமாளித்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தெருவுக்கு ஒரு பேர் வருதும்மா," என்றார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தார். இன்னொருவர் வீட்டிலிருந்து பாய் வரவழைத்தார். வெயில் தாழ்ந்த பிறகு, வெட்டுகிற தேதியை நாளை மத்தியானம் கூடிப் பேசி முடிவு செய்யலாம் என்று யாரோ சொன்னார்.

"எங்க கூடறது?" என்று ஒருவர் கேட்டார்.

"இங்கயேதான்," என்றார் மாஸ்டர்.

அதுவும் ஒருமனதாக நிறைவேறியது.