புதன்கிழமைதோறும் நான்கு தடவை

உள்ளே போகவே முடியாது என்று நன்றாகத் தெரிந்த ஒருவர், வாரம் தவறாமல் வந்து ஏன் கதவைத் தட்டுகிறார்? இதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

அவரை நாங்கள் 'லாக் அண்ணே' என்று கூப்பிடுவோம். கோலாலம்பூரில் அவரைவிடக் கறாரான மனிதர் இருக்கவே முடியாது. சொந்த நிழல் பின்னால் வந்தாலும் நிறுத்தி ஐ.சி. அடையாள அட்டையைக் கேட்பார்.

பிரிக்பீல்ட்சில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கிளினிக்குகளில் முன்பதிவு செய்வதற்கான இணையச் செயலி ஒன்றை நடத்துகிறோம். அதில் நுழைய முடியாமல் தவிப்பவர்களைப் பார்த்துக்கொள்வது அண்ணனின் வேலை. நான் அவருக்கு உதவி. கடவுச்சொல்லை ஐந்து தடவை தவறாக அடித்தால் கணக்கு பதினைந்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். அந்த விதியை எழுதியவர் அவர்தான். எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். அதன்படி வாழவும் தொடங்கிவிட்டார்.

கீழே இருந்த உணவுக் கடையில் ஒருநாள் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் கேட்டார். கடையில் ஆள் புதிது. பால் போட்டு வந்தது. பால் போய் சர்க்கரை வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தன. காப்பி வந்தது. ஐந்தாவதாக ஐஸ் மிதக்க ஏதோ ஒன்று வந்தது. அண்ணன் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

"கோவப்படுறத உள்ள உக்காந்து படுங்கண்ணே, வெளிய வெயிலு லா" என்றார் கடைக்காரர்.

"கோவம் இல்ல பாஸ். லாக் பண்ணியிருக்கேன்."

"யார, என்னயா?"

"உங்க கடைய. இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு."

நேரம் முடிந்ததும் உள்ளே வந்தார். அந்தக் கடையையே அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல் உட்கார்ந்து, "ஒரு தே ஓ கோசோங்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நான் சேர்ந்த புதிதில், தவறான பெயரை அடிப்பவர்களுக்காக 'இந்தப் பெயரில் கணக்கு இல்லை' என்று ஒரு செய்தி எழுதினேன். மக்களுக்கு உதவியாக இருக்குமே என்ற நினைப்பு. அண்ணன் படித்துவிட்டு என்னைத் திருடனுக்குத் துணை போனவளைப்போலப் பார்த்தார்.

"ஏம்மா, எவனோ ஒருத்தன் வந்து 'மேரி ஆன்டி இங்கதான் இருக்காங்களா'ன்னா, 'இல்ல, அவங்க காலி பண்ணிட்டாங்க, பக்கத்துல கமலா ஆன்டிதான் தனியா இருக்காங்க'ன்னு சொல்லுவியா?"

"நெசமாவே மேரி ஆன்டியோட தங்கச்சி வந்திருந்தா?"

கொஞ்சம் யோசித்தார். "பாவந்தான். ஆனா ஆளு யாருன்னு நமக்குத் தெரியலயே."

அதனால் பெயர் தவறானாலும், கடவுச்சொல் தவறானாலும், அப்படி ஓர் ஆளே இல்லாவிட்டாலும் எங்கள் செயலி ஒரே பதிலைத்தான் சொல்லும்: 'பெயர் அல்லது கடவுச்சொல் சரியில்லை.'

இதையும் அவர் வாசலுக்குக் கொண்டுவந்தார். ஒருநாள் முதலாளியின் மாமியார் டிபன் கேரியரோடு மாடியேறி வந்தார்.

"தம்பி, என் மருமவன் ரவி இருக்காரா?"

"பேரு தப்பா இருக்கலாம், ஆபீஸ் தப்பா இருக்கலாம். மறுபடி பாருங்க."

"கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்கிறது பின்ன யாரு, உங்க மாமனாரா?"

"பேரு தப்பா இருக்கலாம்..."

அந்த அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து கேரியரைத் திறந்து, கோழிக் குழம்போடு நிதானமாகத் தானே சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். முதலாளி அன்று மதியம் பிஸ்கட் தின்றார்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பிய முதல் நாள், என் கடவுச்சொல் எனக்கே மறந்துபோனது. மூன்று மாதக் குழந்தையைச் செந்தூலில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். விட்டது சரியா, தவறா என்ற யோசனையிலேயே ஐந்து தடவையும் தவறாக அடித்தேன். பூட்டிக்கொண்டது.

"அண்ணே, ஒரு பட்டன்தானே. அமுக்கி விடுங்க லா."

"மாட்டேன்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "உன் மேல கோவத்துல போட்டது இல்லம்மா இது. உன் பேர்ல வேற ஆளு நுழைஞ்சிறக் கூடாதுன்னு போட்டது. சரி, புள்ள பால் குடிக்குதா? நீ தூங்குறியா?"

பதினைந்து நிமிடமும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மூன்று மாதத்தில் வந்தவர்கள் எல்லோரும் குழந்தை தூங்குகிறதா என்று கேட்டார்கள். நான் தூங்குகிறேனா என்று கேட்டவர் இவர்தான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் அந்த வாரம் நுழைய முடியாமல் போனவர்களின் பட்டியலைப் பார்ப்போம். எனக்கு அது பெயரும் நேரமும். அவருக்கு அது அக்கம்பக்கம். "இந்த அங்கிளப் பாரு, ரெண்டு தடவ அடிச்சிட்டு ஒரு மணி நேரமா காணோம். கண்ணாடி தேடப் போயிருப்பாரு" என்பார்.

பிறகு அலுவலகத்தைக் காலி செய்து, எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். அண்ணன் கிள்ளானில் தனியாக இருப்பவர். "வீட்டுல உக்காந்து செவுத்துக்கிட்டயா லா பேசுறது?" என்று கேட்டுவிட்டு, வேலையை விட்டுவிட்டார். விலகுகிறவர்களின் கணக்கை நீக்குவது எப்படி என்று குறிப்பு எழுதி வைத்தவர் அவர். அதைப் பார்த்து அவருடைய கணக்கை நீக்கியவள் நான்.

இப்போது செந்தூல் அடுக்குமாடியில் இருக்கிறேன். கணவருக்கு வாரத்தில் ஐந்து நாள் ஜொகூரில் வேலை. மகள் நாள் முழுவதும் பேசுகிறாள், ஆனால் ஒன்றும் புரிவதில்லை. பட்டியலைத் தனியாகப் பார்க்கிறேன். இரண்டு மாதமாக அதில், அண்ணன் முன்பு உள்ளே நுழைய அடித்த பெயர் வருகிறது. புதன்கிழமை, பத்து மணி, கிள்ளான் பக்கமிருந்து, நான்கு தடவை. ஐந்தாவது வருவதே இல்லை. ஐந்து ஆனால் எச்சரிக்கை மேலிடத்துக்குப் போகும். நான்கு என்றால் பட்டியலைப் பார்ப்பவருக்கு மட்டும்தான் தெரியும். பார்ப்பது யார் என்று அண்ணனுக்குத் தெரியும்.

அல்லது எல்லாம் என் கற்பனைதானோ? அவருக்கு மறதி வந்திருக்கலாம். அவர் பெயரைத் தெரிந்துகொண்ட வேறு யாரோவாகவும் இருக்கலாம்.

புதிதாக வந்திருக்கும் மேலாளர் பழைய பட்டியல்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது இதைக் கவனித்துவிட்டார். "யாருங்க இது? மாசக் கடைசிக்குள்ள பிளாக் பண்ணிடுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன வேலையைச் செய்யாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. தடுத்துவிட்டால் பெயர் அடிக்கும் பக்கமே அவருக்குத் திறக்காது.

அவருடைய எண் என் கைப்பேசியில் இருக்கிறது. பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். நீங்கள் வருவதைப் பார்த்தேன் என்று சொன்னால், கூச்சப்பட்டு நிறுத்திவிடுவாரோ? சொல்லாமல் தடுத்தால், நானே மூடிவிட்டதாக நினைப்பாரோ? முதலில் போன் செய்யட்டுமா, தடுக்கட்டுமா? அவர் போனை எடுத்தால் முதல் வார்த்தையாக என்ன சொல்லட்டும்? இதைப் படிப்பவர்களே, உங்களுக்குத் தோன்றுவதைக் கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். வாரத்தில் என்னைத் தேடி வருகிறவர் அவர் ஒருவர்தான்.