இருபத்தைந்தா, ஐம்பதா?

முத்திரை காகிதத்தைத் தொடவே இல்லை.

டவுட்டு கணினியில் படத்தை மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். கவுண்டரில் இருந்த எழுத்தர் முத்திரையை எடுத்தார், மையில் ஒற்றினார், தூக்கினார். கை பாதி வழியில் இருக்கும்போதே காட்சி முடிந்துவிட்டது. அடுத்த காட்சியில் ஒருவர் நாற்காலியை நோக்கி நடந்தார். உட்காரவில்லை. போய்ச் சேர்ந்தால்தானே உட்கார?

"அக்கா, எல்லாரும் தண்ணிக்குள்ள நடக்குற மாதிரி இருக்கு."

ஸ்டுடியோவை நடத்தும் அக்கா எட்டிப் பார்த்தாள். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?"

"நேத்து ஓடினது பிராக்ஸி, அக்கா. இன்னைக்குத்தான் அசலை மாட்டினேன்."

கேமராவிலிருந்து வரும் அசல் கோப்புகளைச் சுமக்க அந்த ஸ்டுடியோக் கணினிக்குத் தெம்பு கிடையாது. அதனால் பிராக்ஸி என்று சின்னச் சின்ன நகல்களைச் செய்து, அவற்றை வைத்தே வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் நகல் இருந்த இடத்தில் அசலை மாட்டிவிடுவார்கள். மாலை வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மாட்டிய பிறகு ஆட்கள் மிதப்பார்கள் என்று சொல்லவில்லை.

அவளுக்கு டவுட்டு என்று பெயர் வைத்தது அக்காதான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்க்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? ஒரு மாதம் வேலை செய்து காட்டு, பிடித்திருந்தால் இந்த நாற்காலி உனக்கு என்று அக்கா சொல்லியிருந்தாள். அந்த மாதம் இன்றோடு முடிகிறது. பிடிக்காவிட்டால் மறுபடியும் நகலெடுக்கும் கடைதான்.

படத்தின் பெயர் 'நொடியில் சேவை'. ஒரு சான்றிதழ் அலுவலகத்தின் சுறுசுறுப்பைப் பற்றிய மூன்று நிமிடப் படம். பேச்சு கிடையாது, இசை மட்டும். போன வாரம் பிராக்ஸியில் அதைப் பார்த்த அலுவலக மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் ஆபீஸா இது! என் ஆளுங்களா இவங்க!" என்று கைக்குட்டையைத் தேடினார். அந்த ஜோரிலேயே தலைமை அதிகாரியை அழைத்துவிட்டார். இன்று மூன்று மணிக்குத் திரையிடல்.

டவுட்டு நோட்டைத் திறந்து பிரேம் ரேட்டை எழுதினாள். அசல்: நொடிக்கு இருபத்தைந்து படம். பிராக்ஸி: நொடிக்கு ஐம்பது. அதே படங்கள், இரண்டு வேகம். இரண்டில் ஒன்று பொய். எது?

கேமராக்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணா, ஸ்லோ மோஷன் பட்டன்ல தெரியாம கை பட்டிருக்குமோ?"

"நான் எப்பவும் போலத்தான் எடுத்தேன் பாப்பா."

"நிச்சயமாவாண்ணா?"

"உனக்குப் பேரு சும்மாவா வச்சாங்க?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

படத்திலேயே ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. ஆவலோடு பெரிதாக்கிப் பார்த்தாள். காலையில் எடுத்த காட்சியில் பத்து பத்து. மாலையில் எடுத்ததிலும் பத்து பத்து.

கடைசியாக மேலாளரையே போனில் கேட்டாள். "சார், உங்க ஸ்டாஃப் நிஜமாவே போன வாரம் பார்த்த வேகத்துலதான் வேலை செய்வாங்களா?"

"என்னம்மா கேள்வி இது? பன்னெண்டு வருஷமா இவங்களைக் கட்டி மேய்க்கிறேன், எனக்குத் தெரியாதா? அந்த வேகத்துல ஒரு துளி குறையக் கூடாது, சொல்லிட்டேன்."

பன்னிரண்டு வருடம் கூடவே இருப்பவர் சொன்ன பிறகு அப்பீல் ஏது? பிராக்ஸி மெய், அசல் பொய். டவுட்டு அசல் கோப்புகள் எல்லாவற்றையும் ஐம்பதுக்கு மாற்றி ஓட்டினாள்.

திரையில் மேலாளர் தம் அறையிலிருந்து அம்பாகப் பாய்ந்து வந்து, ஐந்து பேரிடம் கைகுலுக்கி, மூச்சு விடாமல் உள்ளே போனார். எழுத்தரின் முத்திரை தையல் மெஷின் ஊசி போல இறங்கி ஏறியது.

"ஐயோ அக்கா, என்ன ஆச்சு?"

"நீ போன்ல இருந்தப்போ நான்தான் எல்லாத்துக்கும் வேகத்தை ரெண்டு மடங்கு வச்சேன்." அக்கா பெருமையாகச் சொன்னாள். "எப்பவும் உன்னையே நம்பிட்டு இருந்தா ஆகுமா?"

"நானும் ரெண்டு மடங்கு வச்சேனேக்கா!"

இருவர் உப்புப் போட்ட சமையல் ஆகிவிட்டது. அக்கா வைத்ததை டவுட்டு எடுக்கப் போனாள். பாதி எடுத்ததும் கணினி உறைந்து நின்றது. அணைத்துப் போட்டால் பாதிக் காட்சி ஒரு வேகம், பாதி இன்னொரு வேகம். ஒருவர் கோப்பை வெறிபிடித்தவர் போல நீட்டினார். அடுத்த காட்சியில் வாங்குகிறவர், நாளைக்கு வாங்கிக்கொண்டால் போயிற்று என்பது போலக் கையை நகர்த்தினார்.

மணி இரண்டு.

"போதும்டி," என்றாள் அக்கா. "எல்லாத்தையும் கழட்டிடு. அசல் எப்படி வந்துச்சோ அப்படியே நீளமாப் போட்டு எடு. கைகால் முழுசா நகர்ந்தாலே புண்ணியம்."

மூன்று நிமிடப் படம் ஆறு நிமிடம் ஆனது. இசையை இரண்டு தடவை போட்டு ஒப்பேற்றினாள்.

சரியாக மூன்று மணிக்கு அலுவலகக் கூட்ட அறையில் விளக்கை அணைத்தார்கள். முன்வரிசையில் தலைமை அதிகாரி. பக்கத்தில் புதுச் சட்டையில் மேலாளர். பின்வரிசையில் ஊழியர்கள், ஓரத்தில் அக்காவும் டவுட்டும். திரையில் எழுத்தர் முத்திரையை எடுத்தார், தூக்கினார், யோசித்தார், குத்தினார். இன்னொருவர் எழுந்தார். அலமாரி வரை போய் வருவதற்குள் தலைமை அதிகாரி இரண்டு முறை கால் மாற்றிப் போட்டுவிட்டார். மேலாளரின் புதுச் சட்டை முதுகில் நனைந்தது.

விளக்கு எரிந்தது.

"நொடியில் சேவையா?" என்று கேட்டார் தலைமை அதிகாரி. "எந்த ஊர் நொடி இது?"

"எங்க ஆளுங்க இப்படி இல்ல சார்!" மேலாளர் துள்ளி எழுந்தார். "எல்லாம் அந்தப் பொண்ணு பண்ணின கோளாறு!"

அக்கா டவுட்டைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். நாற்காலி போச்சு என்று டவுட்டுக்குப் புரிந்துவிட்டது. போகிற போக்கில் உண்மையையாவது சொல்லிவிடலாம் என்று எழுந்தாள்.

"மன்னிச்சுக்குங்க சார். பிரேம் ரேட்டுல எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன். நிஜத்துல இவங்க எல்லாரும் இதைவிட ரெண்டு மடங்கு வேகம்."

தண்ணீர்த் தட்டுடன் கதவருகே நின்றிருந்த கடைநிலை உதவியாளருக்கு மனம் பொறுக்கவில்லை.

"அந்தப் பொண்ணைத் திட்டாதீங்கய்யா, படம் சரியாத்தான் இருக்கு. கேமரா வந்திருக்கேன்னு அன்னைக்கு ஒருநாள்தான் நாங்க எல்லாரும் இவ்வளவு வேகமா ஓடினோம்."