நான்காவது குருவி

மூன்றாவது குருவியும் முழுகிவிட்டது.

முதல் குருவி மூன்று மில்லிமீட்டர் ஆழத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. இரண்டாவது ஐந்து. மூன்றாவது ஒன்பதுக்குப் போய், கிணற்றில் விழுந்தது போலக் கிடந்தது. பட்டறைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். மரத்தில் தானாகச் செதுக்கும் அந்தக் கம்ப்யூட்டர் மெஷின் பக்கவாட்டில் ஒழுங்காகத்தான் ஓடியது. மேலே போய்க் கீழே வரும்போதுதான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக இறங்கியது.

வெள்ளிக்கிழமை மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். பேத்தியின் தொட்டிலுக்குத் தலைப்பலகை, அதில் ஐந்து குருவிகள். மகள் சின்ன வயதில் படுத்த கட்டிலிலிருந்து எடுத்த பலகை அது. கெட்டால் வேறு கிடையாது.

அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், இறுக்குவது. சட்டைப்பையில் எப்போதும் ஸ்க்ரூட்ரைவர் இருக்கும். கதவுக் கீல், குக்கர் கைப்பிடி, மனைவியின் தையல் மெஷின் என்று எதில் திருகு தளர்ந்து தெரிந்தாலும், போகிற போக்கில் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுத்தான் போவார்.

மோட்டாரையும், செதுக்கும் உளியை ஏற்றி இறக்கும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கை இறுக்கினார். காலையில் சரியாக ஓடியது. சாப்பிட்டு, அரைமணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு வந்து பார்த்தால், பழைய குருடி கதவைத் திறடி.

மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"மோட்டாருக்குப் போற கரண்டைக் கூட்டுங்கண்ணே."

கூட்டினார். ஏற்கெனவே கிறீச்சிடும் மெஷின் இன்னும் பலமாகக் கத்த ஆரம்பித்தது.

"என் சக்களத்தி ஏன் இப்படிக் கத்துறா?" என்றாள் மனைவி, ஜன்னல் வழியாக. சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கிய மெஷினுக்கு அவள் வைத்த பெயர் அது. பட்டறைப் பக்கம் கால் வைக்கமாட்டேன் என்று சபதமும் செய்திருந்தாள்.

"உன் வேலையப் பாரு."

"எங்க பாக்குறது? தொட்டில் மெத்தை தைக்க உக்காந்தா நூல் அறுந்துக்கிட்டே இருக்கு."

"நல்ல நூலா வாங்கணும்."

அவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தையல் மெஷினுக்கே திரும்பிப் போனாள்.

புதன்கிழமை புதுக் கப்ளிங் மாட்டினார். சாப்பிட்டு, கண்ணயர்ந்துவிட்டு வந்து, துணிந்து நான்காவது குருவியை ஓட்டினார். அது பலகையைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. குருவி வடிவத்தில் ஓட்டை, அதன் வழியாக வெளிச்சம். பட்டறைக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மரத்தூள் விழுந்தது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்க அங்கே யாருமில்லை.

வியாழக்கிழமை மெக்கானிக்கே வந்தார். கப்ளிங்கைக் கழற்றி, விரலால் தொட்டு, மோந்து பார்த்தார்.

"யாருண்ணே இதுல எண்ணெய் விட்டது?"

"நான் விடலையே!"

"தையல் மெஷின் எண்ணெய். இது கவ்விப் பிடிக்கவேண்டிய இடம். எண்ணெய் பட்டா எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். புதுசை வேற குளிப்பாட்டியே விட்டிருக்காங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. கத்துகிற எதற்கும் ஒரு சொட்டு எண்ணெய் என்பது மனைவியின் வைத்தியம். அவர் கண்ணயரும் நேரம் பார்த்து, சபதத்தை மீறி வந்து, சக்களத்திக்கு எண்ணெய் விட்டிருக்கிறாள். வேட்டி நுனியால் கப்ளிங்கை அழுத்தித் துடைத்துக்கொண்டே மெக்கானிக்கிடம் சொன்னார்.

"வெளிய சொல்லிடாதப்பா. தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவா. தினம் தூங்கி எந்திரிச்சதும் நானே துடைச்சுக்கிறேன்."

ஐந்தாவது குருவி சரியாக மூன்று மில்லிமீட்டரில் உட்கார்ந்தது. இப்படியொரு பெருந்தன்மையான புருஷன் உலகத்தில் உண்டா என்று அவருக்கே தன்மேல் மரியாதை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, புது மெத்தையில் குழந்தை தூங்கியது. மகள் நான்காவது குருவி வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இதுதாம்பா அஞ்சுலயும் அழகு."

மனைவி சமையலறையில் இருந்தாள். அவரால் பொறுக்க முடியவில்லை. எண்ணெய்க் கதை முழுவதையும் மகளின் காதில் ஓதினார்.

"எனக்குத் தெரிஞ்சும் நேத்திலேர்ந்து அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல, பாத்துக்க!"

மகள் சத்தமில்லாமல் சிரித்தாள்.

"நேத்திலேர்ந்துதானேப்பா? தினம் காலையில நீங்க போற போக்குல தையல் மெஷின்ல இறுக்கிவிடுற நூல் திருகை, உங்க மனசு கஷ்டப்படும்னு அம்மா முப்பது வருஷமா சத்தமில்லாம தளர்த்திக்கிட்டு இருக்காங்க."