ஒட்டிக்கொண்ட இரண்டு தைமின்கள்

குறிஞ்சிப்பாடி

அன்புள்ள மச்சான் சுப்புராயனுக்கு கொளஞ்சியப்பன் எழுதுவது. இங்கு என் கண்களைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கு தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

கிருமியெல்லாம் செத்துவிடும் என்று சொல்லி நீங்கள் புதுச்சேரியிலிருந்து வாங்கிவந்து கொடுத்தீர்களே ஒரு நீல விளக்கு, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இலக்கியாவைப் பெண் பார்க்க புவனகிரியிலிருந்து வருகிறார்கள், வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று உங்கள் தங்கை அமிர்தம் சனிக்கிழமை சாயங்காலம் அதைக் கூடத்தில் போட்டாள், வெளிச்சம் பார்க்க நன்றாக இருந்ததால் நானும் அதற்கடியிலேயே உட்கார்ந்து கிரிக்கெட் முழுவதும் பார்த்தேன். எரியும்போது அந்த அறையில் ஆள் இருக்கக்கூடாது என்று அட்டைப்பெட்டியில் எறும்பு சைஸ் எழுத்தில் போட்டிருக்கிறதாம்.

விடிவதற்குள் இரண்டு கண்ணிலும் மணலைக் கொட்டியதுபோல் ஆகிவிட்டது. முகம் பீட்ரூட். கண்ணீர் நிற்கவில்லை. சிதம்பரத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண் வீட்டிலிருந்து என்ன பிரயோஜனம், ஈரத்துணியை என் கண்ணில் வைத்துக்கொண்டே இலக்கியா பாடம் நடத்தினாள். அந்த விளக்கின் புற ஊதாக் கதிர் செல்லுக்குள்ளே புகுந்து, டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து இருக்கிற, தைமின் என்கிற இரண்டு கண்ணிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறதாம். இழையை நகல் எடுக்க வருவது அந்த இடத்தில் இடறி நின்றுவிடுமாம். கிருமி சாவது அப்படித்தானாம். நம் செல் கெட்ட துண்டை வெட்டியெறிந்துவிட்டுப் புதுசு வைத்துக்கொள்ளுமாம், சேதம் ஜாஸ்தியாகி முடியாமல் போன செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளுமாம், உனக்கு நெற்றித் தோல் உரியும் பார் என்றாள். கிருமிக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாதா அதற்கு என்று கேட்டேன்.

“அதுக்கு கிருமின்னும் தெரியாது, அப்பான்னும் தெரியாதுப்பா.”

பத்து மணிக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். பிள்ளை அருள்மொழிக்கு ஓசூரில் வேலை, தை மாதமே கல்யாணத்தை முடித்துப் பெண்ணை அழைத்துக்கொண்டு போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது உங்களுக்கே தெரியும். இவளுக்கோ ஆராய்ச்சி முடிய இன்னும் இரண்டு வருஷம். நான் வாங்க என்று கும்பிட்டேன், தாரைதாரையாகக் கொட்டியது. பிள்ளையின் அப்பா பழனிவேல் என்னையே பார்த்தார். விளக்கு விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன், மூக்கும் அடைத்திருந்ததால் விம்மல்தான் வந்தது. பிள்ளையைப் பெற்ற அந்தம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பழனிவேல் எழுந்துவந்து என் கையைப் பிடித்தார்.

“அழாதீங்க சம்பந்தி. எங்களுக்கும் பொண்ணு இருக்குது. ரெண்டு வருஷம் உங்ககூடவே இருந்து படிச்சி முடிக்கட்டும், அப்பறம் கல்யாணத்த வெச்சிக்கலாம்.”

தட்டு மாற்ற நாளும் குறித்துவிட்டுப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை கடலூரில் கண் டாக்டர், தானே ஆறிவிடும், இனிமேல் அந்த விளக்குப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவ்வளவு நல்ல மனுஷன் ஒரு பொய்க் கண்ணீரைப் பார்த்து வாக்குக் கொடுத்திருக்கிறார். இடையில் நின்று பேசியவர் நீங்கள். நீங்களே புவனகிரிக்குப் போய், அது அழுகை இல்லை, விளக்கு என்று பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அலைய உடம்பில் தெம்பில்லை.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
கொளஞ்சியப்பன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இலக்கியா இதைப் படித்துவிட்டாள். செல், இழை, தைமின் என்று அத்தனை சொல்லிக் கொடுத்தவள், “அப்பா, அந்த ரெண்டு வருஷம் எனக்கு வேணும். நீ அழுததாவே இருக்கட்டும்” என்கிறாள். ஆகவே நீங்கள் எங்கும் போக வேண்டாம். யார் கேட்டாலும், நான் அழுதேன்.