எழுபது வாட் கள்ளன்

மின்விசிறியின் சுவிட்சைத் தட்டிவிட்டு, சாறனை மடித்துக் கட்டி, கதிரையில் சாய்வதற்குள் றிஸ்வியின் ஃபோன் அலறியது. கட்டாரிலிருந்து மாமா.

“மருமகன், எங்க இரிக்கீங்க?”

“கடையில மாமா. சரியான சனம்.”

“ஊட்டுல ஆரு?”

“ஒருத்தருமில்ல. நஸீபா ஸ்கூல்ல படிப்பிக்கப் போயிட்டா.”

“அப்ப ஃபேன ஆரு போட்ட?”

றிஸ்வி அண்ணாந்து பார்த்தான். விசிறி ஒன்றும் அறியாத பிள்ளைபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

“எழுபது வாட் ஏறியிரிக்கு. இப்பதான். என்ட ஃபோன்ல கோடு துள்ளுது,” என்றார் சரீப் ஹாஜியார். “கள்ளன் வந்து காத்து வாங்குறானா?”

“கரண்ட் போய் வந்திருக்கும் மாமா. நஸீபா சுவிட்ச நிப்பாட்ட மறந்திருப்பா. பக்கத்து ஊட்டு இர்ஷானா ராத்தாட்ட தொறப்பு இரிக்கு. அவவிட்ட சொல்றன்.”

இர்ஷானா திறப்பை எடுத்து வந்து பூட்டைத் திறக்க எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு, றிஸ்வி பூனைபோல் எழுந்து விசிறியை நிறுத்தினான்.

வீடு நஸீபாவின் சீதனம். காத்தான்குடி வழக்கப்படி மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறிய வீடு. ஆனால் மின்சாரம் இன்னும் மாமாவின் பெயரில்தான். புது ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியதும், “ஊட்டுப் பாதுகாப்புக்கு நல்லம்” என்று அதன் ஆப்பைத் தன் ஃபோனில் இறக்கிக்கொண்டார் மாமா. அன்றிலிருந்து கேத்தல் கொதித்தால் கட்டாருக்குத் தெரிந்தது. குளியலறைக்காவது தாழ்ப்பாள் இருக்கிறது, இந்த மீட்டருக்கு அதுவும் இல்லை என்று றிஸ்வி நொந்துகொள்வான்.

நொந்துகொள்ளக் காரணம் இருந்தது. புளியந்தீவில் அவன் வேலை பார்த்த ஃபோன் கடையை இழுத்து மூடி ரெண்டு மாதமாகிறது. கல்லடியில் ஒரு தளபாடக் கடையில் அடுத்த மாதம் சேரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை மாமாவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மாமாவிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்: “விசா ரெடியா இரிக்கி மருமகன். நாளைக்கே ஏறலாம்.” நஸீபாவுக்கோ ஏழு மாதம். பிள்ளை பிறக்கும்போது பாலைவனத்தில் லொறி ஓட்டிக்கொண்டிருக்க றிஸ்விக்கு மனமில்லை. பிள்ளையின் காதில் தானே பாங்கு சொல்ல வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். அவ்வளவுதான் அவன் கேட்டது.

நஸீபா ஸ்கூலிலிருந்து அழைத்தாள்.

“இஞ்ச, வாப்பா எனக்கு ஃபோனெடுத்து ஃபேன மறந்ததுக்கு ஏசுறார். ஒண்டையும் தொடாதீங்க.”

“வேர்த்துச் சாகிறன் நஸீபா.”

“சாகாதீங்க. அடுத்த மாசம் வேல இரிக்கி.”

வெயில் ஓட்டைப் பிளந்தது. றிஸ்வி பொறுத்துப் பார்த்தான். பிறகு மூளையை உபயோகித்தான். வினையே அங்குதான் தொடங்கியது.

மதிலுக்கு மேலால் இர்ஷானா நீட்டு வயரை எடுத்துக் கொடுத்தாள். “களவாக் கரண்ட் எடுக்கிறவங்களக் கண்டிரிக்கன் தம்பி. சொந்த மீட்டருக்குப் பயந்து அடுத்த ஊட்டுல எடுக்கிறவர இண்டைக்குத்தான் காணுறன்.”

“ஆருக்கும் சொல்லிடாதீங்க ராத்தா.”

“நஸீபாக்கு சத்தியம் பண்ணியிரிக்கன். வாயத் தொறக்க மாட்டன்.”

மேசை விசிறி இர்ஷானாவின் மின்சாரத்தில் சுழன்றது. என்ன சுகம்! அந்தச் சுகத்தில் றிஸ்விக்கு இன்னொரு யோசனை உதித்தது. கை தவறி எந்தச் சுவிட்சையும் போட்டுவிடாமலிருக்க மெயினையே நிறுத்திவிட்டால் என்ன? நிறுத்தினான். ஃபோன் உடனே அலறியது.

“மருமகன்! கோடு தரையில படுத்துட்டு! ஃபிரிட்ஜ் கூட இல்ல!”

“கரண்ட் கட்டா இரிக்கும் மாமா.”

“கரண்ட் கட்டெண்டா எனக்கு மெசேஜ் வரும். வரல்ல. காலையிலயும் வரல்ல. அப்பவே எனக்குச் சந்தேகம். மீட்டர் உசிரோட இரிக்கி, ஊடுதான் மௌத்து! கள்ளன் மெயின நிப்பாட்டிட்டான். முதல்ல மெயின், மறுகா அலுமாரி. இதெல்லாம் எனக்குத் தெரியும்.”

“நான் போய்ப் பாக்கட்டா மாமா?”

“உடனே போங்க! பஸ்ஸப் பாத்துக்கிட்டு நிக்காம ஓட்டோ பிடிங்க!”

றிஸ்வி ஓடிப்போய் மெயினைப் போட்டான். இனி ஒரே வழிதான். கடையிலிருந்து நேராக வந்தவனாக முன் கேற்றால் நுழைய வேண்டும். அதற்கு முதலில் பின்பக்கத்தால் வெளியேற வேண்டும். வேர்வை ஒழுகும் பனியனோடு கடையிலிருந்து வந்தேன் என்றால் எவன் நம்புவான்? அவசரமாக மோட்டரைப் போட்டு ஒரு குளியல் போட்டான். அயனைச் சூடாக்கிக் கடைக்குப் போட்டுப் போகும் சேட்டை விரித்தான். வலக் கை முடிந்து இடக் கைக்கு வரும்போது ஃபோன்.

“மருமகன், நில்லுங்க! ஊட்டுக்குப் போகாதீங்க!” மாமாவின் குரல் கிறீச்சிட்டது. “மோட்டர் ஓடிச்சி! இப்ப அயன் ஓடுது! கள்ளன் குளிச்சிட்டு உடுப்பு அயன் பண்ணுறான்! இவன் களவெடுக்க வரல்ல, குடியிருக்க வந்திரிக்கான்!”

“மாமா…”

“இவ்வளவு தைரியமானவன்ட கையில ஆயுதம் இரிக்கும். நீங்க எனக்கு மகன் மாதிரி, தனியாப் போக வேணாம். நான் ஆக்கள அனுப்புறன்.”

றிஸ்வி சேட்டை மாட்டி முடிப்பதற்குள் கேற்றடியில் பாதித் தெரு கூடிவிட்டது. உலக்கை, மண்வெட்டி, கிரிக்கெட் மட்டை எல்லாம் வந்திருந்தன. துணிச்சல் மட்டும் ஒருவர் கையிலும் இல்லை. ஜன்னல் இடுக்கால் எட்டிப் பார்த்த றிஸ்வி சட்டென்று தலையை இழுத்துக்கொண்டான்.

“நீ முன்னுக்குப் போ.”

“நான் கலியாணம் முடிக்காதவன். நீங்க போங்க காக்கா.”

“கள்ளன்ட கையில கத்தி இருந்தா?”

“அயன் பண்ணுறவன்ட கையில அயன்தான் இரிக்கும்.”

“அது கத்திய விட மோசம்!”

ஆளாளுக்கு வழிவிட்டு மரியாதை செய்துகொண்டார்களே தவிர, ஒருவரும் அசையவில்லை. பொலிசுக்குச் சொல்லியாயிற்று, வரட்டும் என்று முடிவானது. சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட இர்ஷானா உதட்டை இறுக மூடிக்கொண்டு எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். தேநீர் முடிந்தும் கூட்டம் கலையவில்லை. செய்தி கேட்டு நஸீபாவும் ஸ்கூலிலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். உள்ளே இருக்கும் கள்ளன் யாரென்று கூட்டத்தில் அவளுக்கும் இர்ஷானாவுக்கும் மட்டும்தான் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இர்ஷானாவைப் பார்த்தாள். இர்ஷானா வானத்தைப் பார்த்தாள்.

பொலிஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் றிஸ்வி பின்மதிலுக்கு ஓடினான். அப்பால் வாவிக்கரைக்குப் போகும் ஒழுங்கை. அதில் குதித்து, சுற்றி வந்து, கூட்டத்தோடு கூட்டமாக நின்று தானும் கள்ளனைத் தேடலாம். வாளியைக் கவிழ்த்து ஏறி, மதிலுக்கு மேலே தலையை நீட்டினான்.

மறுபக்கத்திலிருந்து இன்னொரு தலை ஏறிவந்தது. துவாயால் முக்காடிட்டு, கண் மட்டும் தெரிகிற தலை.

“கள்ளன்!” என்று இரண்டு தலைகளும் ஒரே குரலில் அலறின.

இவன் அவன் சேட்டைப் பிடிக்க, அவன் இவன் சேட்டைப் பிடிக்க, இருவரும் வீட்டுப் பக்கம் மதிலடி வாழைக்குள் விழுந்து புரண்டார்கள். சத்தம் கேட்டதும் கூட்டத்துக்கு வீரம் வந்துவிட்டது. கள்ளனை வேறொருவன் பிடித்துவிட்டான் என்று தெரிந்த பிறகு ஓடிவர யாருக்குத்தான் பயம்? மண்வெட்டிக்காரர் துவாயை உருவினார்.

“வாப்பா!” என்று கத்தினாள் நஸீபா.

வாழைச் சருகைத் துப்பிக்கொண்டு எழுந்தவர் சாட்சாத் சரீப் ஹாஜியார். காலில் செருப்பில்லை.

“லீவு கிடைச்சிது மகள்,” என்றார் மூச்சிரைக்க. “சொல்லாமக் கொள்ளாம வந்து ஒங்கள சந்தோசப்படுத்துவம் எண்டு நினைச்சன். காலையிலதான் பிளேனால இறங்கின. வாற வழியெல்லாம் இந்தக் கோடுதான். கள்ளன் தப்பப்படாதெண்டு பின்னால வந்தன்.”

கூட்டம் மாஷா அல்லாஹ் சொன்னது. கட்டாரிலிருந்து வந்திறங்கி நேரே கள்ளனைப் பிடிக்க மதிலேறிய மனிதரை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை. பிறகு ஹாஜியாரின் பார்வை மருமகன் மேல் விழுந்தது. தலை ஈரம். சேட்டின் ஒரு கை மொடமொடப்பு, மறு கை கசங்கல்.

“நீங்க கடையில எல்லவா நிண்ட?”

றிஸ்வி கசங்கிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அன்றைய பொய்களெல்லாம் தீர்ந்துபோயிருந்தன.

“எந்தக் கடை?” என்று இர்ஷானாவின் சத்தியம் அந்த இடத்தில் உடைந்தது. “மூடி ரெண்டு மாசம் ஹாஜியார்! பாவம், ஒங்கட மீட்டருக்குப் பயந்து என்ட கரண்ட்லதான் காத்து வாங்குறார்!”

ஹாஜியாரின் முகம் சிவந்தது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டார்.

“ரெண்டு மாசமா! பெத்த வாப்பா மாதிரி நினைச்சிரிக்கனே, என்னட்டச் சொன்னா என்ன? வேல போறது குத்தமா? ஆருக்கும் போகும். மறைக்கிறதுதான் குத்தம்! ஆம்பிளையெண்டா ஊட்டுக்காரங்கட முகத்தப் பாத்து, வேல போயிட்டு எண்டு நேராச் சொல்லணும்!”

“வாப்பா, நான்தான் சொல்ல வேணாமெண்டு…” நஸீபாவின் குரல் கம்மியது.

“பேசாதீங்க மகள். அடுத்த கிழமையே விசா. மருமகன் என்னோட கட்டாருக்கு வாறார். முடிஞ்சுது கதை!”

நஸீபா றிஸ்வியின் கசங்கிய கையைப் பற்றிக்கொண்டாள். அவள் கண் நிரம்பிவிட்டது. றிஸ்வி அயன் பண்ணிய மறு கையைப் பார்த்தான். குளித்ததற்கும் அயன் பண்ணியதற்கும் இவ்வளவு பெரிய தண்டனையா?

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓட்டோக்காரன் அஸாம் வந்தான். மாமா ஓட்டோவில் விட்டு வந்த செருப்புச் சோடி அவன் கையில் இருந்தது. “வேல போயிட்டு” என்று ஹாஜியார் கத்தியது மட்டும் தூரத்திலிருந்து அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ், ஒரு மாதிரி ஊட்டுல சொல்லிட்டீங்க ஹாஜியார்! அப்ப நான் ஏறாவூருக்குப் போய், கட்டார்ல வேல போனதிலிருந்து நீங்க மூணு மாசமா ஒளிச்சிரிக்கிற அறையில இருந்து பெட்டிய ஏத்திட்டு வரட்டா?”