காலை ஒன்பதரைக்குள் வரலாறு

நகராட்சி ஆணையர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பினார். பயிற்சிக்குப் போகும் அதிகாரிகள் வெறுங்கையோடு வருவதில்லை. பை ஒன்று, பேனா ஒன்று, யோசனை ஒன்று கொண்டுவருவார்கள். பையும் பேனாவும் வீட்டோடு நின்றுவிடும். யோசனை மட்டும் அலுவலகம் வரைக்கும் வந்து சேரும்.

இந்த முறை வந்த யோசனை, வரலாறு. தன் வரலாற்றை அறிந்த குடிமகன் குப்பையைக் கண்ட இடத்தில் கொட்டமாட்டான் என்று பயிற்சியில் யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாளே சுற்றறிக்கை வந்தது. அலுவலக முகப்பில் மூன்றடிக்கு நான்கடியில் கரும்பலகை ஒன்று நிறுவப்பட்டு, "வரலாற்றில் இந்த நாள்" என்னும் தலைப்பின்கீழ், அதே தேதியில் முற்காலத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்றாவது, வேலை நாள்தோறும் காலை ஒன்பதரை மணிக்குள் தவறாது நிகழ்த்தப்பட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. "எழுதப்பட வேண்டும்" என்பதைத்தான் தட்டச்சர் அப்படி அடித்துவிட்டார். ஆணையர் கையெழுத்துப் போட்ட பிறகு பிழை பிழையில்லை, ஆணை. அதனால் யாரும் திருத்தவில்லை.

வேலை பதிவறை எழுத்தர் தலையில் விழுந்தது. பத்தொன்பது வருஷமாக அவர் பழைய கோப்புகளோடு குடித்தனம் நடத்தி வந்தார். அவர் தும்மினால் எந்த அலமாரியைத் திறந்தார் என்று வெளியே இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள்.

"பழசெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு?" என்றார் மேலாளர்.

"என்கிட்ட இருக்கிறது பழைய கோப்பு சார். வரலாறு இல்லை."

"ரெண்டுலயும் தூசிதானே? எழுதுங்க."

எழுத்தரின் மாமனார் படித்துவிட்டுப் போட்ட தடித்த புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தது. உலகத்தில் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று அதில் பக்கத்துக்குப் பக்கம் அடுக்கியிருந்தார்கள். அதைக் கொண்டுவந்து மூன்று செய்திகளைத் தாளில் எழுதி மேலாளரிடம் நீட்டினார். மேலாளர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"எரிமலை வெடிச்சுதா? வேண்டாம். காலங்காத்தால ஜனங்க பயப்படுவாங்க."

"சரி சார்."

"ராஜாவை மந்திரியே கொன்னுட்டாரா? ஐயோ, ஆணையர் அந்த வழியாத்தான் உள்ள வருவார். என்னையும் அவரையும் மாத்தி மாத்திப் பாப்பாங்க. அடிச்சிடுங்க. இது என்ன, மக்கள் திரண்டு கோட்டையை உடைச்சாங்கன்னு?"

"அது ரொம்பப் பெரிய சம்பவம் சார்."

"பெரிசுதான். நம்ம வாசல் கேட்டு ரொம்பச் சின்னது. வேற ஏதாவது போடுங்க."

இப்படியே ஒரு மாதம் போயிற்று. யாரும் சாகாமல், எதுவும் இடியாமல், எந்தப் பதவியும் பறிபோகாமல் உலகத்தில் நடந்தது என்னவென்று தேடிப்பார்த்தால் அதிகம் கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் சட்டைப் பித்தான் செய்யும் இயந்திரத்தைக் கண்டுபிடித்திருந்தார். அவரைப் போலவே இன்னும் சில சாதுக்கள். அவர்களை வைத்துத்தான் எழுத்தர் காலம் தள்ளினார்.

ஜூன் பதினான்காம் தேதி காலை ஒன்பது பத்துக்குப் புத்தகத்தைத் திறந்தார். ஜூன் பதினான்கு இல்லை. கரையான் அந்த வாரத்தையே அரித்துத் தின்றிருந்தது. எழுத்தர் கை அருகில் இருந்த மனுப் பதிவேட்டை இழுத்தார். அதே தேதியைத் தேடினார். பிறகு பலகைக்குப் போய்ச் சாக்குக்கட்டியால் எழுதினார்:

"இதே நாளில், ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மூன்றாம் குறுக்குத் தெருத் தையற்கார அம்மையார், தம் தெருவிலுள்ள திறந்த சாக்கடைக்கு மூடி போடுமாறு மனு அளித்தார். மனு பரிசீலனையில் உள்ளது."

கேலிக்காக எழுதவில்லை. தேதி சரி, சம்பவம் உண்மை, யாரும் சாகவில்லை. சுற்றறிக்கையும் மேலாளரும் கேட்டிருந்தது அவ்வளவுதான்.

பதினோரு மணிக்குத் தையற்கார அம்மாள் வந்துவிட்டாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. பலகையைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். அவள் வீட்டுக்காரர் அந்தச் சாக்கடையில் விழுந்து காலை ஒடித்துக்கொண்ட வாரத்தில்தான் அந்த மனுவைக் கொடுத்திருந்தாள். அன்றிலிருந்து அவர் விந்தி விந்தித்தான் நடக்கிறார். ஆகவே சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று எழுத்தர் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"இதை எழுதினது யாருங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள்.

"நான்தாம்மா. மேலிடத்து உத்தரவு..."

"நல்லா இருப்பீங்க! ஒன்பது வருஷமா ஒருத்தர் கூட என்னை அம்மையார்னு சொன்னதில்லை இந்த ஆபீஸ்ல. இன்னிக்கு வாசல்லயே போட்டுட்டீங்க. நாலு பேரைக் கூட்டிட்டு வந்து காட்டப்போறேன். சாயங்காலம் வரைக்கும் அழிச்சிடாதீங்க."

நாலு பேர் நாற்பது பேராக வந்தார்கள். ஆணையர் ஜன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்து முதலில் பின்வாசலின் சாவியைத் தேடினார். பிறகு கோபப்பட்டார். எழுத்தரை நிற்கவைத்து அரைமணி நேரம் பேசினார். ஆனால் மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் "ஒளிவுமறைவற்ற நிர்வாகம்" என்று படத்தோடு செய்தி வந்தது. மேலிடத்திலிருந்து தொலைபேசியில் பாராட்டினார்கள். அது தம்முடைய யோசனைதான் என்று ஆணையருக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

அடுத்த சுற்றறிக்கை "மனு ஆண்டு விழாத் திட்டம்" என்ற பெயரில் வெளியானது. ஒவ்வொரு மனுவுக்கும் அது கொடுக்கப்பட்ட நாளில் ஆண்டு விழா. மனுதாரருக்குச் சான்றிதழ், ஆணையரோடு ஒரு புகைப்படம், தேநீர், இரண்டு பிஸ்கட். ஐந்தாண்டு முடிந்தால் கேக். பத்தாண்டு முடிந்தால் ரிப்பன் வெட்டி, ஒலிபெருக்கி வைத்து, "மூத்த மனு" என்ற பட்டயம்.

பொறியாளர் ஒருவர் மட்டும் கூட்டத்தில் எழுந்து, "மனுவுக்குத் தீர்வு கண்டுவிட்டால் அதற்கு விழா உண்டா?" என்று கேட்டார்.

ஆணையர் பொறுமையாக விளக்கினார். "பிறந்தநாள் யாருக்குக் கொண்டாடறோம்? உயிரோட இருக்கிறவங்களுக்கு. தீர்ந்துபோன மனு போன மனுதானே? அதுக்கு எப்படிக் கேக் வெட்டறது?"

பொறியாளர் புரிந்துகொண்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் எதையும் தீர்க்கவில்லை. அதற்கு முன்பும் தீர்க்கவில்லை. ஆனால் அப்போது அதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

ஊரில் மனு ஒரு மோஸ்தர் ஆயிற்று. தெருவில் இரண்டு பேர் சந்தித்தால், "உங்க மனுவுக்கு எத்தனை வயசு?" என்பதுதான் முதல் கேள்வி. பதினாலு வயசு மனு வைத்திருந்த பல் வைத்தியர் அதைப் பெயர்ப்பலகையில் பட்டத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். வயசில்லாத மனுக்காரர்கள் கூட்டத்தில் பின்வரிசைக்குப் போனார்கள். எழுத்தரைப் பார்க்க ஜனங்கள் பதிவறைக்கே வந்தார்கள். "சார், எங்க அப்பா ஏதாவது மனு குடுத்து, நீங்க எங்கயாவது வச்சிருக்கீங்களா, கொஞ்சம் பாருங்க" என்று குழைந்தார்கள். பத்தொன்பது வருஷமாக அவரை வழியில் பார்த்துச் சிரிக்காத மேலாளர், "நம்ம வரலாற்று ஆசிரியர்" என்று பிறருக்கு அறிமுகப்படுத்தினார். எழுத்தர் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார்.

அவர் மனைவிக்குத்தான் இதில் மரியாதை வரவில்லை. ஒருநாள் காலையில் சமையலறையிலிருந்தே கூப்பிட்டாள்.

"ஏங்க, வர்ற பதினெட்டாம் தேதி ஃப்ரீயா இருக்கீங்களா?"

"ஏன்?"

"இந்தக் குழாய் ஒழுகுதுன்னு உங்ககிட்ட நான் சொல்லி அன்னிக்கு ரெண்டு வருஷம். நீங்கதான் தலைமை தாங்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பதினெட்டாம் தேதி வந்தது, போயிற்று. குழாயும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

மார்ச் ஆறாம் தேதி மத்தியானம் அந்தக் காரியம் நடந்தது. நகராட்சியின் சாக்கடை மேஸ்திரி மூன்றாம் குறுக்குத் தெரு வழியாக வண்டியில் போய்க்கொண்டிருந்தார். வண்டியில் வேறு வேலைக்குப் போட்டு மிஞ்சிய சிமெண்டுப் பலகைகள் நான்கு கிடந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பெண்குழந்தை சாக்கடையோரம் சறுக்கி, ஒரு செருப்பை மட்டும் உள்ளே விட்டுவிட்டுத் தப்பித்தது. மேஸ்திரி வண்டியை நிறுத்தினார். நான்கு பலகைகளையும் இறக்கிப் போட்டார். காரை பூசினார். ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் தெருவே திரண்டு நகராட்சிக்கு வந்தது. முன்னால் தையற்கார அம்மாள்.

"யாரைக் கேட்டு மூடினீங்க? இன்னும் மூணே மாசத்துல என் மனுவுக்குப் பத்து வருஷம்! ஒலிபெருக்கிக்காரர்கிட்ட சொல்லியாச்சு. வெளியூர்ல இருந்து என் தங்கச்சி வர்றா. இப்ப வந்து சாக்கடையை மூடினா நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?"

எழுத்தருக்கு மனசு கேட்கவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் அதுல விழுந்துதானே கால் போச்சு?"

அவள் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"போனது போனதுதானேங்க. மூடினா கால் திரும்பி வருமா? அந்தக் காலுக்கு இந்த ஊர்ல கிடைச்ச ஒரே மரியாதை அந்த மனுதான். அதையும் பிடுங்கிட்டீங்கன்னா சும்மா நொண்டிக்கிட்டுத்தான் இருக்கணும் அவர்."

 இதற்குப் பதில் ஆணையரிடம் இருந்தது. அன்று மாலைக்குள் நான்கு பலகைகளும் பெயர்க்கப்பட்டு, சாக்கடை "முந்தைய நிலைக்கு மீட்கப்பட்டது". மேஸ்திரி மீது குற்றச்சாட்டுக் குறிப்பாணை தயாரிக்கும் பொறுப்பு எழுத்தருக்கு வந்தது. அழகான நடை அவருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. "உயிருடனிருந்த மனுவொன்றினை, முன் அனுமதியின்றி, அதன் மூலகாரணத்தையே அகற்றி, தீர்வு நிலைக்குத் தள்ளியமை" என்று எழுதினார். எழுதும்போது கை கூசியது. ஏனென்றால் மேஸ்திரியும் அவரும் பன்னிரண்டு வருஷமாகத் தினமும் மூன்றரை மணிக்கு ஒன்றாகத் தேநீர் குடிப்பவர்கள்.

குறிப்பாணையை வாங்கிக்கொண்ட மேஸ்திரி அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"அண்ணே, நான் மனுவைப் பார்த்துப் போடலை. பள்ளத்தைப் பார்த்துப் போட்டேன்."

"தெரியும்ப்பா. ஒரு வாரத்துல சரியாயிடும்."

மேஸ்திரி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

மார்ச் பதினொன்று வந்தது. இருப்புக் கணக்கெடுக்கும் நாள். பல வருஷங்களாக அந்தத் தேதியில் மனு வாங்கும் ஜன்னலை மூடிவைப்பது வழக்கம். எழுத்தர் காலை ஏழரை மணிக்கே வந்து இருபத்தாறு பதிவேடுகளைப் புரட்டினார். மார்ச் பதினொன்றில் ஒரு மனு இல்லை. மற்ற தேதிகளில் அறுபது வயசு தாண்டிய மனுவெல்லாம் இருந்தது. அந்தத் தேதியில் மட்டும் ஊரில் யாரும் எதையும் கேட்டதில்லை. மாமனார் புத்தகத்திலும் அன்றைக்குப் பூகம்பமும் தூக்குத் தண்டனையும்தான். ஒன்பதரை ஆயிற்று. பலகை வெறுமையாக நின்றது.

ஆணையர் அதன் எதிரில் நின்று பார்த்தார். பிறகு எழுத்தரை உள்ளே கூப்பிட்டார்.

"என்னய்யா இது? நம்ம நகராட்சியில ஒரு நாள் வரலாறே இல்லையா? படம் எடுக்க வந்தவங்க வெறும் பலகையைப் படம் பிடிச்சுட்டுப் போறாங்க."

"அடுத்த வருஷம் சரி பண்ணிடறேன் சார்."

"அடுத்த வருஷமும் இப்படி இருந்தா உங்களுக்கும் ஒரு குறிப்பாணை. அதை யாரை எழுதச் சொல்றதுன்னுதான் தெரியலை."

மத்தியானம் மேஸ்திரி வந்தார். ஜன்னல் மூடியிருந்ததால் நேரே பதிவறைக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ளக் கேட்டு மனு. மூத்த மகள் எழுதிக் கொடுத்திருந்தாள். கையெழுத்து அழகாக இருந்தது.

"வீட்ல உட்கார முடியலைண்ணே. என் வீட்டுக்காரி ஒண்ணும் சொல்லமாட்டா. ஆனா காலையில ஆறு மணிக்கு எழுந்து சட்டையைப் போட்டுட்டு எங்க போறதுன்னு நிக்கறேன். நீங்க பார்த்து நேரா ஆணையர் கையில குடுத்தீங்கன்னா..."

"நான் பார்த்துக்கறேன். நீ கிளம்பு."

எழுத்தர் உண்மையாகத்தான் சொன்னார். மேஸ்திரி போனதும் தேதி முத்திரையைக் குத்தி, எண் போட்டு, மனுவை எடுத்துக்கொண்டு ஆணையர் அறைக்கு நடந்தார். வாசலில் இருந்த சேவகர், "போங்க சார், ஐயா இப்ப நல்ல மூடுல இருக்கார். எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடறார்" என்றார்.

எழுத்தர் கதவில் கை வைத்தார். அப்போதுதான் முத்திரை கண்ணில் பட்டது. மை இன்னும் காயவில்லை. மார்ச் பதினொன்று.

கையை எடுத்தார்.

"என்ன சார், போகலையா?"

"ஒரு சின்ன விவரம் பார்க்கணும்."

பதிவறைக்குத் திரும்பினார். மேஸ்திரி நல்ல மனுஷன், புரிந்துகொள்வான் என்று நினைத்துக்கொண்டார். ஒரே ஒரு வருஷம்தானே. மனுக்களுக்கு அது ஒரு வயசா? பிறகு, அடுத்த வருஷம், கேக் ஒன்று வாங்கி, சான்றிதழில் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, எல்லோரும் கைதட்ட, அவனே சந்தோஷப்படுவான்.

மனுவை நோகாமல் உறையில் போட்டு, கரையான் வராத மேல் அடுக்கில் வைத்தார். அடுத்த வருஷத்துக்கான நோட்டைத் திறந்து, நல்ல பேனாவாகப் பார்த்து எடுத்து எழுதினார்:

"மார்ச் 11. இதே நாளில், ஓராண்டுக்கு முன், சாக்கடை மேஸ்திரி ஒருவர் தம்மை மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளுமாறு மனு அளித்தார். மனு பரிசீலனையில் உள்ளது."

மணி மூன்றரை அடித்தது. அவர் தேநீர் குடிக்கத் தனியாகப் போனார்.